எத்தனை டிபி வேணும்?

குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று மத்தியானம், நான் புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் போய் நின்றேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு வெயில் தாங்கவில்லை, ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்துவிட்டார். எதிர்ச் சாரியில் அந்தக் கடை இருந்தது. "தோ வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டினேன்.

கடைக்காரர் என் வயதுக்காரர். நெற்றியில் ஒற்றைச் சந்தனக் கோடு. "என்ன வேணும்ங்க?" என்றார்.

"எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்."

"எத்தன டிபி வேணும்?"

பதினாலு வருடமாக கம்ப்யூட்டரோடு பிழைக்கிறவள் நான். ஒரு டிபியில் எத்தனை கல்யாணம் அடங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அவர் கேட்டதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு மனுஷனுடைய பேச்சுக்கு எத்தனை டிபி வேண்டும்?

"எதுக்கு யூஸ் பண்ணப் போறீங்க?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். "படம், பாட்டு வைக்கவா? இல்ல எடிட்டிங்கா?"

"எடிட்டிங்" என்றேன். பிறகு, "இல்ல, சும்மா வைக்கிறதுக்கு. ரொம்ப நாளைக்குக் கெடாம இருக்கணும்."

"எவ்ளோ நாளைக்கு?"

அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் வீட்டுக்காரர் சாத்துக்குடி ஜூஸைப் பாதி குடித்துவிட்டு மீதியை எனக்காக வைத்திருந்தார். "என்னாத்துக்கு அங்க போன?" என்று கேட்டார். கேட்டார் என்பதுகூடத் தப்பு. அப்போதே அவர் குரல், ஓலையைத் தரையில் இழுக்கிற மாதிரி ஆகியிருந்தது.

எங்கள் தொழில் கல்யாண வீடியோ. அவர் எடுப்பார், நான் வெட்டுவேன். மரக்காணத்தில் எங்கள் வீட்டில் இருந்து நாலு வீடு தாண்டினால் உப்பளம். வீட்டின் உள்ளறையில்தான் என் ஒர்க்ஸ்டேஷன். அந்தப் பெயர், அதை அசெம்பிள் செய்து கொடுத்தவர் வைத்தது. இரண்டு மானிட்டர், ஒரு கறுப்புப் பெட்டி, மேலே போர்த்த ஒரு பழைய பெட்ஷீட். கடற்காற்று வருகிற ஊரில் இரும்பு எதுவும் இரும்பாக இருக்காது. ஜன்னல் கம்பி உரியும், ஃபேன் றெக்கை பொரியும், கேஸ் அடுப்பின் கால் ஒரு நாள் தானாக உட்காரும். கம்ப்யூட்டருக்கும் அதே கதிதான். பின்பக்கத்தில் இருக்கிற ஆறு யூஎஸ்பி ஓட்டையில் நாலு பச்சை பூத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டு, மூன்று வருடத்துக்கு மேல் தாங்காது. போன டிஸ்க்குகளைத் தூக்கிப் போட மனசில்லாமல் மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தேன்.

அவர் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த குரல். ஃபோனில் பேசினால் தெருவே தெரிந்துகொள்ளும் என்ன பேசுகிறார் என்று. கல்யாண வீட்டில் எத்தனை நாதஸ்வரம் வாசித்தாலும் அதற்கு மேலே, "அண்ணே, கொஞ்சம் நவுந்துக்கங்க", "யக்கா, அந்தச் சேர எடுத்துடுங்க", "பொண்ணு, இங்க பாரு, லைட்டா சிரி" என்று கேட்கும். இப்போது கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியை வெளியே கூட்டிப் போய் எடுக்கிற பழக்கம் வந்த பிறகு, புதுச்சேரியில் இருந்தும் திண்டிவனத்தில் இருந்தும் எங்கள் உப்பளத்துக்கு வருகிறார்கள். வெள்ளைக் குவியலுக்கு நடுவில் நின்றால் பனி மாதிரி இருக்கிறதாம். அவர் கேமராவோடு இந்த வரப்பில் நிற்பார். ஜோடி நாலு பாத்தி தள்ளி நிற்கும். அங்கே இருந்து கத்துவார்: "மாப்ள, கையப் புடிச்சிக்கினு அப்டியே நடந்து வாங்க. கீழ பாக்காதீங்க. வழுக்குச்சுன்னா நான் பாத்துக்கறேன்." உப்பு வாரிக்கொண்டிருக்கிற பொம்பளைகள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள்.

இந்தக் குரல் எல்லாமே எனக்கு வந்து சேரும். கேமராவில் பதிவாகி அப்படியே வெட்டாமல் இருக்கிறதை நாங்கள் 'ரா' என்போம். ஒரு கல்யாணத்துக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ரா வரும். அதில் நான் செய்கிற முதல் வேலை ஒலியை அணைப்பது. கெட்டிமேளம் மட்டும் வைத்துக்கொண்டு மீதிக்கெல்லாம் பாட்டைப் போட்டு மூடிவிடுவேன். யாருக்கும் தங்கள் கல்யாண வீடியோவில் வீடியோக்காரர் குரல் வேண்டியதில்லை. பதினாலு வருடமாக நான் தினமும் உட்கார்ந்து செய்துகொண்டிருந்த வேலை, என் வீட்டுக்காரர் குரலை வெட்டி எறிவதுதான் என்று எனக்கு அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

வெட்டி முடித்து ஆல்பமும் வீடியோவும் கொடுத்த பிறகு ராவை அழித்துவிடுவோம். இடம் இருக்காது. "பெரிய டிஸ்க் ஒண்ணு வாங்கிடலாங்க" என்று ஒவ்வொரு சீசனிலும் நான் சொல்வேன். "அத வச்சிக்கினு என்ன பண்ணப் போற? அழிச்சிட்டு அடுத்தத ஏத்து" என்பார். அழித்தேன். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர், நிச்சயமாக அழிக்கலாமா என்று கேட்கும். ஆமாம் என்று தட்டுவேன்.

குரல் கம்மியது முந்தின வருடம் பங்குனியில். தூசி என்று நினைத்தோம். உப்பு லோடு ஏற்றுகிற காலம், காற்றே உறைக்கும். வெந்நீர், மிளகு, ஊசி என்று ஆறு மாதம் ஓடியது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். பிறகு எச்சிலோடு இரத்தம் வந்தபோது போனோம். முதலில் டிபி என்று சந்தேகப்பட்டு சளியை எடுத்துப் பார்த்தார்கள், அது இல்லை என்றதும் நான் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தினேன். அதற்கடுத்த வாரம் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதை எடுத்து அனுப்பினார்கள். கடைசியில் டாக்டர், சின்ன வயதுக்காரம்மா, ஒரு தாளில் தொண்டையைப் படமாக வரைந்து காட்டி, எதை எடுப்பார்கள், கழுத்தில் எங்கே ஓட்டை போடுவார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். மூச்சு அதன் வழியாகத்தான் இனி. பேச்சு வராது. பிற்பாடு ஒரு வால்வு வைத்துப் பார்க்கலாம், எல்லோருக்கும் சரிப்படாது என்றும் சொன்னார். பதினைந்து நாளில் ஆபரேஷன்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "கேமரா தூக்கலாமா?"

"மூணு மாசம் கழிச்சித் தூக்கலாங்க" என்றார் டாக்டர். அதில் அவருக்கு ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்ஷீட்டை விலக்கிவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டேன். என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த சீசனில் எடுத்த ஆறு விசேஷங்களின் ரா மட்டும் இருந்தது. கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கம்மிய குரல். முகூர்த்தத்தில் "நவுந்துக்கங்க" என்று சொல்ல முடியாமல் கையைத் தட்டுகிறார். அதை வெட்டும்போது நான் கவனிக்கவே இல்லை.

விழுப்புரத்தில் நர்ஸிங் படிக்கிற எங்கள் மகளுக்கு ஃபோன் போட்டேன். "அப்பா வாய்ஸ் மெசேஜ் எதுனா வச்சிருக்கியா?"

"அப்பா எங்கம்மா வாய்ஸ் மெசேஜ் போடுவாரு? ஃபோன்தான் பண்ணுவாரு" என்றாள். பிறகு தேடி இரண்டு அனுப்பினாள். ஒன்றில், "பஸ் ஏறிட்டியா?" இன்னொன்றில் வெறும் காற்றுச் சத்தம், கடைசியில் "இது ரெக்கார்ட் ஆவுதா என்னான்னு தெரில." அவ்வளவுதான். அவள் அழ ஆரம்பித்தாள். என் அழுகையை அவளுக்குக் காட்டக் கூடாது என்று, கஞ்சி பொங்குகிறது என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அடுப்பில் கஞ்சி எதுவும் இல்லை.

சரி, இப்போது இருக்கிற குரலையாவது எடுப்போம் என்று மறுநாள் காலையில் மைக்கை மாட்டி அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். சட்டைக் காலரில் மைக் கிளிப்பை அவரே சரிசெய்துகொண்டார், பழக்கதோஷம். "பேசுங்க" என்றேன்.

"என்னா பேசறது?"

"ஏதாச்சும்."

"ஏதாச்சும்னா?"

"பாப்பாவுக்கு எதுனா சொல்லுங்க. எனக்குச் சொல்லுங்க."

அவர் கேமராவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மைக் டெஸ்ட். ஒன், டூ, த்ரீ" என்றார். தண்ணீர் குடித்தார். மறுபடி ஒன், டூ, த்ரீ. ஆயிரம் ஜோடியைச் சிரிக்கச் சொன்ன மனுஷனுக்குக் கேமரா முன்னால் ஒரு வார்த்தை வரவில்லை. மைக்கைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு, "எம் பேச்ச டப்பால வச்சிக்கினு என்ன பண்ணப் போற?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது உண்மையாகவே அவருக்குப் புரியாத கேள்வி.

அப்போதுதான் டிராயர் ஞாபகம் வந்தது.

செத்த டிஸ்க்குகள் மூன்று இருந்தன. ஒன்று சொருகினாலும் சூடேறவில்லை. இன்னொன்று என் கையாலேயே கீழே விழுந்து உடைந்தது. மூன்றாவது, ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் டிக் டிக் என்று அடித்துக்கொண்டு நின்றுபோனது. அதில் இருந்ததை நான் அழிக்கவில்லை. அழிப்பதற்குள் அதுவே போய்விட்டது. அந்த வருடம் அதற்காக மூன்று வீட்டாரிடம் திட்டு வாங்கினோம். அதே டிஸ்க்கை இப்போது துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கோட்டக்குப்பத்துக்குப் போனேன். அங்கே துபாயில் பல வருடம் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த ஒரு பாய், சின்னதாக சர்வீஸ் கடை வைத்திருந்தார். எங்கள் கேமராவை இரண்டு முறை பார்த்துக் கொடுத்தவர்.

டிஸ்க்கைப் பிரித்து, அடியில் இருக்கிற பச்சைப் பலகையைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். செம்பு நிறத்தில் இருக்க வேண்டிய புள்ளிகள் கறுத்துப்போய் இருந்தன.

"பாத்தியாம்மா, எல்லாம் உப்புக் காத்து. உள்ள இருக்கிற தட்டு நல்லா இருக்குதான்னு தெரியாது. இத மட்டும் சுத்தம் பண்ணிப் பாக்கலாம்" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற சாதாரண ரப்பரை எடுத்து அந்தப் புள்ளிகளை மெதுவாகத் தேய்த்தார். ஏதோ திரவத்தில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். மறுபடி பூட்டி, தன் கம்ப்யூட்டரில் சொருகினார். டிக் என்று ஒரு சத்தம். பிறகு சுற்ற ஆரம்பித்தது. திரையில் ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் சேர்த்து நான் எழுதி வைத்தவை.

நான் கை கூப்பிவிட்டேன். அவர் உடனே டிஸ்க்கை நிறுத்திவிட்டார்.

"சந்தோஷப்படாத. இது இன்னும் ஒரு வாட்டி ஓடுனா பெருசு. நல்ல டிஸ்க் ஒண்ணு வாங்கிக்கினு வா, ஒரே மூச்சுல காப்பி பண்ணிடலாம். அதுவரைக்கும் இதத் தொடவே கூடாது."

"எந்த டிஸ்க் பாய் வாங்கறது?"

"நல்லதாப் பாத்து வாங்கு" என்றார்.

நல்லதாகப் பார்த்து வாங்க எனக்கு நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் ஆபரேஷனுக்கு முந்தின சோதனைகளுக்காக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தோம். வரிசையில் நிற்கும்போதும், இரத்தம் கொடுக்க அவர் உள்ளே போயிருக்கும்போதும், பஸ்ஸிலும் நான் ஃபோனில் டிஸ்க்குகளைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். சுற்றுகிற தட்டு உள்ளது வாங்குவதா, தட்டே இல்லாத எஸ்எஸ்டி வாங்குவதா? தட்டு உள்ளது விலை குறைவு, இடம் நிறைய, கீழே விழுந்தால் போச்சு. எஸ்எஸ்டி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, வேகம், ஆனால் கரன்ட் கொடுக்காமல் வருடக்கணக்கில் அலமாரியில் வைத்தால் உள்ளே இருப்பது தானாக மங்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். தட்டு உள்ளது சாவதற்கு முன்னால் சத்தம் கொடுக்கும், எஸ்எஸ்டி ஒரு நாள் பேசாமல் நின்றுவிடும் என்று இன்னொருவர். பாதுகாப்பாக நெட்டில் ஏற்றி வையுங்கள் என்றார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டு ஏறுவதற்குள் டீ ஆறிவிடும்.

வாங்கினவர்கள் எழுதியதைப் படித்ததுதான் தப்பு. எந்த டிஸ்க்கை எடுத்தாலும் கீழே ஒருவர், மூன்றே மாதத்தில் போய்விட்டது, என் குழந்தையின் முதல் வருடப் படங்கள் எல்லாம் போயின என்று எழுதியிருந்தார். இன்னொருவர், அப்பாவின் படங்கள் என்று. நல்லது என்று எழுதியவர்கள் நூறு பேர் இருந்தாலும் என் கண் அந்த ஒருவரிடமே போய் நின்றது. ஒன்றை முடிவு செய்வேன். அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் படிப்பேன். வேண்டாம் என்று அடுத்ததற்குப் போவேன். ஆபரேஷன் வார்டு நர்ஸ் வந்து, அவருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று கேட்டபோது எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. ஹார்ட் டிஸ்க் பெயர் பத்து சொல்லியிருப்பேன்.

மகளிடம் ஃபோனில், "ரெண்டு டிபி போதுமா, நாலு டிபி எடுக்கணுமா?" என்று பேசிக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டுவிட, அன்று சாயங்காலம் தெருவில் எங்கள் வீட்டுக்கு டிபி வந்துவிட்டது என்று ஆகிவிட்டது. இரண்டு நாள் யாரும் வாசற்படி ஏறவில்லை. அதை அவரிடம் சொன்னேன். கம்மிய தொண்டையோடு விழுந்து விழுந்து சிரித்தார், சிரித்து இருமி, இருமலில் இரத்தம் வந்தது.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து ஃபோன் வந்தது. தேதி மாறியிருக்கிறது, செவ்வாய்க்கிழமையே அட்மிட் ஆக வேண்டும், புதன்கிழமை ஆபரேஷன். கோட்டக்குப்பம் பாய்க்கு உடனே சொன்னேன். "அப்ப திங்கக்கெழம காலைல பத்து மணிக்கு டிஸ்கோட வந்துடு" என்றார்.

திங்கட்கிழமை கடை திறக்கும் முன்பே புதுச்சேரியில் போய் நின்றேன். அதே கடை. அதே சந்தனக் கோடு. நாலு நாள் படித்துக் கடைசியாக முடிவு செய்து வைத்திருந்த டிஸ்க்கின் பெயரைச் சொன்னேன்.

"அது ஸ்டாக் இல்லீங்க. வியாழக்கிழம வரும்."

"வியாழக்கிழம வேணாங்க."

"அப்ப இது இருக்குது, நாலு டிபி. தட்டு உள்ளதுதான். கேபிள் கூடவே வரும்."

அதைப் பற்றி நான் படித்ததே இல்லை. திருப்பிப் பார்த்தேன். கறுப்பாக, உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்கு இருந்தது. "இது எத்தன வருசம் வரும்?" என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. "சொல்ல முடியாதுங்க. நான் விக்கறேன், ஆனா எங்க வீட்டுப் போட்டோ எல்லாம் ரெண்டு டிஸ்க்ல வச்சிருக்கேன். ஒண்ணு போறது நிச்சயம். ரெண்டும் ஒரே நாள்ல போவாதுன்னு ஒரு நம்பிக்க, அவ்ளோதான்."

இரண்டாவது வாங்க அப்போது வழியில்லை. ஒன்றை வாங்கிக்கொண்டு கோட்டக்குப்பத்துக்கு ஆட்டோ பிடித்தேன். என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் பஸ்ஸில் வந்து கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வந்திருந்தார்.

பாய் பழைய டிஸ்க்கை ஒரு பக்கமும் புதியதை ஒரு பக்கமும் சொருகினார். காப்பி ஆரம்பித்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு. ஐந்து மணி நேரம் என்று காட்டியது, பிறகு ஒன்பது என்றது, பிறகு ஏழு. நாங்கள் மூன்று பேரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டீ வந்தது. ஜமாத்துப் பள்ளிவாசலில் மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பாய் தொழுதுவிட்டு வந்தார். கோடு நகர்ந்துகொண்டே இருந்தது.

"முடிஞ்சதுல ஒண்ணு தொறந்து பாக்கலாமா?" என்று கேட்டேன். புதிய டிஸ்க்கில் வந்து சேர்ந்த ஒரு ஃபைலை அவர் திறந்தார். உப்பளம். வெள்ளைக் குவியல்கள். தூரத்தில் ஒரு ஜோடி. கடையில் இருந்த சின்ன ஸ்பீக்கரில், நல்ல நாளின் குரல்:

"மாப்ள, தோள்ல கைய போடுங்க. ஒங்க பொண்டாட்டிதான், யாரும் கேக்க மாட்டாங்க. ஆங், அப்டித்தான். ஏய், லைட்ட தூக்கிப் புடி, கை வலிக்குதா? சாப்டியா இல்லியா நீ?"

கடைசி வரிகள் எனக்கு. அன்றைக்கு லைட் பிடித்தது நான்தான். ஒரு நாளும் நினைவில் நிற்காத ஒரு நாள் அது. சாப்பிட்டேனா இல்லையா என்று நான் சொன்ன பதில் பதிவாகவில்லை, மைக் அவர் பக்கம் இருந்தது.

அவர் திரையைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இவ்ளோ கத்தறனா?" என்று கேட்டார். பாதி வார்த்தைதான் வெளியே வந்தது. பாய் எழுந்து, கல்லாப்பெட்டியில் ஏதோ தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

மூன்றில் ஒரு பங்கு முடிந்திருக்கும். டிக் என்றது. எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. மறுபடி டிக், டிக். பச்சைக் கோடு நின்றது. பாய் குனிந்து காதை வைத்துக் கேட்டார். நிறுத்தினார், ரப்பர் போட்டுத் தேய்த்தார், மறுபடி சொருகினார். இரண்டு முறை, மூன்று முறை. பிறகு டிக் சத்தமும் போய், சுற்றுவதே நின்றது.

"சென்னைக்கு அனுப்பினா?" என்று கேட்டேன்.

"அனுப்பலாம். தட்டுல கோடு விழுந்திருந்தா அவுங்களும் ஒண்ணும் பண்ண முடியாது. இது கோடு விழுந்த சத்தம்தாம்மா." பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "நம்ம கையில இல்ல."

நான் அந்தக் கடையிலேயே அழுதேன். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "வா, பஸ்ஸு போயிடும்" என்றார்.

சென்னைக்கும் அனுப்பிப் பார்த்தேன், பிற்பாடு. பாய் சொன்னதையே கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து எழுதி அனுப்பினார்கள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். பச்சை உடுப்பு. கடைசி நேரத்தில் ஏதாவது சொல்வார், பதிவு செய்துகொள்ளலாம் என்று முந்தின நாளே நினைத்து வைத்திருந்தேன். ஃபோன் கையில்தான் இருந்தது. கதவு வரைக்கும் கூடவே நடந்தோம், நானும் மகளும். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, "சார்ஜர எடுத்துக்கினியா?" என்றார். ஃபோன் சார்ஜரைச் சொல்கிறார், போன முறை நான் மறந்துவிட்டு வந்து அல்லாடினேன். "எடுத்துக்கினேன்" என்றேன். கதவு மூடியது. நான் பதிவு செய்யவில்லை. விரல் அந்தப் பட்டனின் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை. ஏன் என்று மகள் கேட்கவில்லை.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்று சின்ன வயது டாக்டரம்மா வந்து சொன்னார். பிறகு கரன்ட் வைத்தார்கள், கதிர்வீச்சுதான், ஆறு வாரம். வால்வு வைத்துப் பார்த்தார்கள், கசிந்தது, எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓட்டை. அதன் மேல் ஒரு சின்னத் துணி. உப்புக் காற்று நேராக உள்ளே போகக் கூடாது என்பதால் அந்தத் துணியை நாளைக்கு நாலு முறை மாற்றுகிறேன். வீட்டில் எது வேண்டுமென்றாலும் எதையாவது தட்டுவார். சில நாள் தட்டுகிற சத்தம் கோபமாக இருக்கும், என்ன கோபம் என்று கண்டுபிடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். ஃபோனில் எழுதிக் காட்டுவார். அவர் எழுத்தில் எப்போதும் பிழை வரும். ஆஸ்பத்திரியில் முதல் முதலாக எழுதிக் காட்டியது, "தன்னி."

அந்தப் புது டிஸ்க்கில் வந்து சேர்ந்தது மூன்று கல்யாணம், ஒரு காது குத்து, பாதியில் அறுந்த ஒரு சீமந்தம். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மாதம் நான் அதைத் தொடவில்லை. பிறகு பகல் வேளைகளில், அவர் தூங்கும்போது, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அவர் பேசுகிற இடங்களை மட்டும் தனியாக வெட்டி எடுத்தேன். முக்கால் மணி நேரம் தேறியது. அதில் பெரும்பாலும் "நவுந்துக்கங்க"தான். கேட்டால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை. இரண்டாவது டிஸ்க் இன்னும் வாங்கவில்லை. கடைக்கு முன்னால் பஸ் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் காலை நான் துணி அலசிவிட்டு உள்ளே வந்தால், அவர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹெட்ஃபோன் தலையில். திரையில் அந்த முக்கால் மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எப்போது கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. ஈரக் கையோடு வாசற்காலில் நின்றேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கல்யாணத்தில் எக்ஸ்போஷர் பார்க்கும்போது வைத்துக்கொள்கிற அதே முகம். முடிவு வரைக்கும் கேட்டார். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார். ஃபோனை எடுத்து எழுதி என்னிடம் நீட்டினார்.

"காத்து சத்தம் நிரய இருக்கு. கம்மி பன்னு."

"பண்றேன்" என்றேன்.

அதற்கடுத்த வாரம் கீழ்புத்துப்பட்டு கோயிலில் ஒரு கல்யாணம், ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கேமரா தூக்கிய முதல் வேலை. லைட்டைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். தாலி கட்டி முடிந்து கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்ந்தபோது, பெண்ணின் அத்தை ஒருவர் அவரிடம் வந்து, "ஏம்பா, வீடியோ எப்பப்பா வரும்?" என்று கேட்டார். அவர் கேமராவைத் தாழ்த்தினார். வாயைத் திறந்தார். கழுத்துத் துணி அசைந்தது, காற்று மட்டும் வந்தது. அந்தம்மாவுக்குப் புரியவில்லை, "ஆங்?" என்று இன்னும் கிட்டே வந்து காதைக் காட்டினார்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பத்து நாள்ல வந்துடும்மா" என்றேன்.